எழுத்து தடித்ததா, இளைத்ததா?

இரட்டையாகத் தெரிகிற நாணயத்தை யாராவது நீட்டினால் நான் முதலில் பார்ப்பது எழுத்தின் உடம்பை. வழக்கமான நாணயத்தில் இருப்பதைவிட எழுத்து தடித்திருந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவேன். இளைத்திருந்தால் கல்லாவில் போட்டுக்கொண்டு, கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பேன். முக்கால்வாசிப் பஞ்சாயத்து இந்த ஒரு பார்வையிலேயே முடிந்துவிடும். மீதிக் கால்வாசிக்குத்தான் லென்ஸ், டார்ச், பொறுமை எல்லாம்.

ஒகேனக்கல்லில் பரிசல் துறைக்குப் போகிற வழியில் எனக்குப் பெட்டிக்கடை. நல்லெண்ணெய், சீயக்காய், ஷாம்பு, துண்டு, மீன் வறுக்கிற மசாலாப் பொடி. அதற்கு முன்னால் பல வருஷம் ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் டை பிட்டர். எஃகைக் குடைந்து டை செய்து, ஹார்டனிங் போட்டு, பிரஸ்ஸில் பூட்டி, தகட்டை அடித்துப் பாகம் எடுப்பதுதான் தொழில். நாணயம் அடிப்பதும் அடிப்படையில் இதே வேலைதான். வாசலில் துப்பாக்கிக் காவல் இருக்கும், அவ்வளவு வித்தியாசம். ஆகவே நாணயத்தை நான் பார்க்கிற பார்வை சரித்திரக்காரர் பார்வை அல்ல. பாகத்தில் கோளாறு இருக்கிறது, டையில் வந்ததா, அடியில் வந்ததா என்று சூப்பர்வைசர் கேட்பாரே, அந்தப் பார்வை.

இந்த ஊரில் சில்லறைக்குப் பஞ்சமே கிடையாது. காவிரியைக் கண்டால் காசு போட வேண்டும் என்று நம் ஆட்களுக்கு யார் சொல்லித் தந்தார்களோ, தொங்குபாலத்தில் நின்று போடுகிறார்கள், பரிசலில் போகும்போது போடுகிறார்கள், ஆடிப் பதினெட்டு அன்று குளித்துவிட்டு மஞ்சளும் பூவும் விட்டுப் போடுகிறார்கள். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து குறைந்து பாறைக் குழிகள் வெளியே தெரிகிற வெயில் காலத்தில் பையன்கள் வேட்டைக்கு இறங்குவார்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம், ஒரு கயிறு, இவ்வளவுதான் முதலீடு. இப்போது புழங்குகிற ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் ஃபெர்ரிடிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நூற்றில் 83 பங்கு இரும்பு, 17 பங்கு குரோமியம். காந்தத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். ஐந்து ரூபாய் நிக்கல் கலந்த பித்தளை, ஒட்டாது. பத்து ரூபாயும் ஒட்டாது. அவற்றை எடுக்க முங்க வேண்டும். 2007 வாக்கில் எஃகில் வந்த ஐந்து ரூபாய் மட்டும் எப்போதாவது காந்தத்தில் ஏறி வந்து பையன்களைக் குழப்பும். எல்லாச் சில்லறையும் கடைசியில் என் கடைக்குத்தான் வரும், நோட்டாக மாற்ற.

சரி, இரட்டைக்கு வருவோம்.

நாணயம் பிறக்கிற வழி தெரிந்தால்தான் இரட்டை எந்தக் கட்டத்தில் உள்ளே நுழைந்தது என்று சொல்ல முடியும். முதலில் ஹப். எஃகில் புடைப்பாக உருவம் செதுக்கிய மூல அச்சு. பார்வைக்கு நாணயத்தின் முகம் போலவே இருக்கும். அதை இன்னொரு எஃகு உருளையின் மேல் பெரிய பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால், அந்த உருளையில் உருவம் பள்ளமாக, இடவலம் மாறி விழும். அதுதான் டை. அதை ஹார்டனிங் செய்து, தலைக்கு ஒன்று பூவுக்கு ஒன்று என்று எதிரெதிராக நாணயப் பிரஸ்ஸில் பூட்டுவார்கள். நடுவில் காலர் என்ற வளையம். அதற்குள் வெறும் வட்டத் தகடான பிளாங்க் வந்து உட்காரும். ஒரே அடி, இரண்டு முகமும் விளிம்பும் சேர்ந்து உருவாகிவிடும். அமெரிக்க நாணயச்சாலையில் இருப்பது போன்ற நவீனப் பிரஸ் நிமிடத்துக்கு 700 நாணயத்துக்கு மேல் துப்பும். அந்த வேகத்தில் டை ஒரு நூல் நகர்ந்தாலும் ஆபரேட்டர் கவனிப்பதற்குள் ஒரு மூட்டை நிறைந்திருக்கும்.

ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்ப் செய்தவர் ரப்பரிலேயே பெயரை இரண்டு தரம் வெட்டியிருந்தால், அதை எத்தனை காகிதத்தில் குத்தினாலும் அத்தனையிலும் ஒரே மாதிரி இரட்டை விழும். ரப்பர் ஒழுங்காக இருந்து, குத்துகிற கை எடுக்கும்போது இழுத்துவிட்டால், அந்தக் காகிதத்தில் மட்டும் ஓர் இழுப்பு. குத்தின காகிதத்தின் மேலேயே மறுபடி குத்தினால் அது மூன்றாவது வகை. ரப்பர் தேய்ந்து ஊதிப்போய் எழுத்து அகலமாக விழுந்தால் நான்காவது. நாணயத்திலும் இந்த நாலும்தான். சேகரிப்பவர்கள் முறையே டபுள்டு டை, மெஷின் டபுளிங், டபுள் ஸ்ட்ரைக், டை தேய்வு என்பார்கள். முதலாவதும் மூன்றாவதும் விலைபோகும். இரண்டாவதும் நாலாவதும் முகமதிப்புக்குத்தான். இணையத்தில் லட்சம், கோடி என்று காட்டுகிற படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது வகை.

போன கோடையில் ஒரு பையன் ஈரக் கையோடு வந்து ஒரு ரூபாயை நீட்டினான்.

"தாத்தா, இதுல வருசம் ரெண்டு தரம் இருக்கு பாரு. லட்சம் போவும்னு போன்ல காட்டுறாங்க."

"எங்கடா எடுத்த?"

"சினி பால்ஸ் பக்கம். காந்தத்துல வந்துச்சு."

2015-ஆம் வருஷத்து நாணயம். வெறும் கண்ணுக்கே எண்கள் நிழல் விழுந்தது போலத் தெரிந்தன. என்னிடம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருக்கிறது, பென்னாகரத்தில் ஒரு வாட்ச் ரிப்பேர்காரரிடம் வாங்கியது. டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், நாணயத்தின் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தேன். இது முக்கியம். எஃகு நாணயத்தில் நேரே வெளிச்சம் அடித்தால் மின்னுகிற மின்னலில் எல்லாமே இரட்டையாகத்தான் தெரியும்; போன் கேமராவில் விழுகிற பாதி 'எரர்' நாணயங்கள் இந்த வெளிச்சக் கோளாறுதான்.

5-இன் வயிற்றுக்கு வலது பக்கத்தில் ஒரு படி இருந்தது. உயரம் இல்லை, தரைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, சப்பையாக, பளபளவென்று. நாணயத்தை மெல்லத் திருப்பினேன். ஒரு கோணத்தில் அந்தப் படி மட்டும் பளிச்சிட்டு அணைந்தது. அடுத்து 1: அதற்கும் வலது பக்கத்தில்தான் படி. 0-வைப் பார்த்தால் வெளி வலது விளிம்பில் ஒரு படி, உள்ளே இடது கோட்டின் வலது ஓரத்தில் ஒரு படி. ஆண்டுக்குக் கீழே இருந்த நாணயச்சாலைக் குறிக்கும் வலதுபக்கம் ஒரு தோள். எல்லாம் ஒரே திசை, ஒரே அளவு. அதைவிடப் பெரிய சாட்சி: எண்களின் மேல்தளம் மெலிந்திருந்தது. என் கல்லாவிலிருந்து அதே வருஷத்து நாணயம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். படியையும் சேர்த்து அளந்தால்தான் பையனுடைய எண் நல்ல எண்ணின் அகலத்துக்கு வந்தது. அதாவது இரண்டாவது உருவம் புதிதாக வந்து சேரவில்லை. முதல் உருவத்தின் சதையைத்தான் வழித்துப் படியாக்கியிருக்கிறது. நாணயத்தைப் புரட்டினேன். சிங்க முகப் பக்கம் சுத்தம்.

பிரஸ் ஷாப்பில் இதைப் பார்த்தால் எந்தக் கத்துக்குட்டியும் சொல்வான்: டை ஹோல்டரில் ப்ளே இருக்கிறது, போல்ட்டை இறுக்கு. அடி விழுந்துவிட்டது, உருவம் ஒழுங்காகப் பதிந்தாயிற்று. டை மேலே எழுகிற அந்தக் கணத்தில் ஒரு நூலிழை பக்கவாட்டில் ஆடுகிறது. பதிந்த எழுத்தின் பக்கச் சுவரை டையின் ஓரம் வழித்துவிட்டுப் போகிறது. அதுதான் படி. அடுத்த நாணயத்தில் ஆட்டம் கூடலாம், குறையலாம், இல்லாமலே போகலாம். இதுதான் மெஷின் டபுளிங். டையில் எந்தக் குற்றமும் இல்லை, பூட்டில்தான் குற்றம்.

பையனுக்கு இதையெல்லாம் சொன்னால் ஏறுமா? "ஒரு ரூபாய்தான்டா" என்றேன். "உனக்குத் தெரியல தாத்தா" என்று சொல்லிவிட்டு இன்னொரு கடைக்குப் போனான். போகட்டும்.

இப்போது நிஜமான இரட்டை. எஃகுக்கு ஒரு குணம்: அழுத்த அழுத்த இறுகும். ஹப்பை ஒரே தரம் அழுத்தினால் உருவம் முழு ஆழத்துக்கு இறங்காது. அதனால் பழைய முறையில் ஒரு தரம் அழுத்தி, டையை உலைக்கு அனுப்பி அனீலிங் செய்து இளக்கி, மறுபடி கொண்டுவந்து அதே ஹப்பின் கீழே அதே இடத்தில் உட்கார வைத்து அழுத்துவார்கள். இந்த 'அதே இடத்தில்' என்பதுதான் வில்லங்கம். ஒரு துளி சுழன்று உட்கார்ந்தாலும் டையின் வயிற்றில் இரண்டு உருவம் விழுந்துவிடும். யாரும் கவனிக்காமல் அந்த டை பிரஸ்ஸுக்குப் போனால், அது சாகிற வரைக்கும் அடிக்கிற நாணயம் எல்லாம் இரட்டையோடுதான் பிறக்கும்.

உலகமே அறிந்த உதாரணம் 1955-இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்த அமெரிக்க ஒரு சென்ட். லிங்கன் தலைப் பக்கத்தில் ஆண்டும் வாசகமும் லென்ஸே தேவைப்படாத அளவுக்கு இரண்டிரண்டாக நிற்கும். மறுபக்கம் சாதாரணம், ஏனென்றால் அது வேறு டை. கோளாறு தெரியவந்தபோது அவை நல்ல நாணயங்களோடு கலந்துவிட்டிருந்தன. மொத்தக் குவியலையும் உருக்க மனம் வராமல் வெளியே விட்டார்கள். 20,000-க்கு மேல் இப்படிப் புழக்கத்துக்குப் போனதாகக் கணக்கு. அந்தக் காலத்தில் சிகரெட் எந்திரத்தில் 25 சென்ட் காசு போட்டால் 23 சென்ட் பாக்கெட் விழும். மீதி இரண்டு சென்ட்டைப் பாக்கெட்டின் மேலுறைக்குள்ளேயே சொருகி வைத்திருப்பார்கள். அந்தச் சில்லறையில்தான் நிறையப் பேர் இந்த நாணயத்தைக் கண்டெடுத்தார்கள். இன்றைக்கு நல்ல நிலையில் உள்ள ஒன்று ஆயிரம் டாலரைத் தாண்டும்.

அதன் எழுத்தைப் பெரிதாக்கிய படத்தில் பார்த்தாலே பாடம் புரிந்துவிடும். இரண்டு உருவமும் உருண்டையாக, புடைப்பாக, கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும். படி இல்லை, பளபளப்பு இல்லை. எழுத்தின் முனைகளில் இரண்டு உருவமும் பிரிகிற இடத்தில் ஒரு பிளவு தெளிவாகத் தெரியும். எழுத்து மொத்தத்தில் தடித்திருக்கும், ஏனென்றால் டையில் பள்ளம் அகலமாகியிருக்கிறது. உலோகம் அந்த அகலத்தை நிரப்பியிருக்கிறது. விலகலின் போக்கையும் கவனிக்க வேண்டும். டை சுழன்றிருந்தால் நடுவில் கொஞ்சமாகவும் விளிம்பை நெருங்க நெருங்க அதிகமாகவும் விலகும்.

1990-களின் பிற்பாதியில் அமெரிக்கர்கள் ஒரே அழுத்தில் டை முடிக்கிற முறைக்கு மாறினார்கள். இனி இரட்டைக்கு வழியில்லை என்று நினைத்திருப்பார்கள். அதிலும் வந்தது. டை உருளையின் தலை கூம்பாக இருக்கும். ஹப் இறங்கும்போது உருளை லேசாகச் சாய்ந்து உட்கார்ந்து, அழுத்தம் ஏறியதும் நிமிர்ந்தால் நடுப்பகுதியில் மட்டும் ஓர் இரட்டை விழும். 2009-இல் வந்த ஒரு சென்ட்டின் பின்பக்கத்தில் இளம் லிங்கன் மரக்கட்டையில் உட்கார்ந்து புத்தகம் படிப்பார். சில டைகளில் அவருக்குக் கூடுதலாக ஒரு விரல் முளைத்திருக்கிறது. எனவே புது நாணயத்தில் தேடுகிறவர்கள் ஆண்டையும் ஓரத்து எழுத்தையும் மட்டும் பார்க்காமல் நடு உருவத்தையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்க நாணயங்களில் இன்னொரு கிளைக் கதை உண்டு. ஏறக்குறைய 1990 வரை அங்கே நாணயச்சாலை எழுத்தை மட்டும் தனிப் பஞ்சால் ஒவ்வொரு டையிலும் கையால் தட்டி இறக்கினார்கள். முதல் தட்டு சரியாக விழாமல் இரண்டாவது தட்டு தட்டினால் அந்த ஓர் எழுத்து மட்டும் இரட்டையாகும், மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கும். இதுவும் டையிலேயே இருப்பதால் எல்லா நாணயத்திலும் வரும். இதற்கும் தனியாகச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

டபுள் ஸ்ட்ரைக் எளிது, எங்கள் பகுதிக்கே சொந்தமானதும்கூட. 1792 வரை இந்தப் பாரமகால் சீமை மைசூர் ஆட்சியில் இருந்தது. அந்த வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் திப்பு இதைக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடு நிர்வாகத்துக்கு வந்தார், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ. திப்புவின் செப்புக் காசில் ஒரு பக்கம் யானை நிற்கும். இன்றும் இங்கே சில பழைய குடும்பங்களில் பெட்டிக்குள் அது கிடக்கும். அது சுத்தியலால் அடித்த காசு. கீழச்சு பட்டறையில் பதிந்திருக்கும். அதன் மேல் செப்புத் துண்டு, அதன் மேல் கையில் பிடித்த மேலச்சு. ஓங்கி ஒரு போடு. உருவம் சரியாக விழவில்லை என்றால் இன்னொரு போடு. இரண்டுக்கும் நடுவில் துண்டு அரை விரல் நகர்ந்திருந்தால் யானைக்கு இரண்டு தும்பிக்கை, ஆறு கால். அந்த வேலைக்காரர் அதைக் குறையாக நினைத்திருக்கவே மாட்டார். எடையும் செம்பும் சரியாக இருந்தால் காசு செல்லும். இன்னும் பழைய வெள்ளி முத்திரைக் காசுகளில் மலை, சூரியன் என்று சின்னங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைப் பார்த்து டபுள் ஸ்ட்ரைக் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அவை தனித்தனி முத்திரைகள், தனித்தனியாகக் குத்தியவை. அந்தக் காசின் இயல்பே அது.

(நிலத்தில் பழங்காசு கிடைத்தால் உடனே விற்கக் கிளம்பிவிடாதீர்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.)

எந்திர நாணயத்தில் டபுள் ஸ்ட்ரைக் வருவது, அடித்த நாணயம் வெளியே விழாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும்போது. காலருக்குள்ளேயே சற்றுச் சுழன்று இரண்டாவது அடி வாங்கினால் இரண்டு உருவமும் ஒரே வட்டத்துக்குள் திரும்பிக் கிடக்கும். பாதி வெளியே வந்த நிலையில் அடி வாங்கினால் ஓரத்தில் பிறை வடிவத்தில் இன்னொரு நாணயம் முளைக்கும், வட்டமும் கெட்டுப்போகும். அடையாளம் காண லென்ஸ்கூட வேண்டாம். ஆனால் ஒரு சோதனையை விடக்கூடாது: நாணயத்தைப் புரட்டுங்கள். இரண்டாவது அடியின்போது மேல் டையும் கீழ் டையும் சேர்ந்துதான் அடித்தன, ஆகவே பொதுவாக இரண்டு பக்கமும் இரட்டை இருக்கும். கூடவே முதல் உருவம் நசுங்கி, பாதி அழிந்து, இரண்டாவதன் கீழே மங்கலாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடிபட்டு மறுபக்கம் வெறுமனே நசுங்கியிருந்தால் அது பெரும்பாலும் நாணயச்சாலைச் சரக்காக இருக்காது.

அது எங்கிருந்து வந்த சரக்கு என்று பிட்டர் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். பெஞ்ச் வைஸ். இரண்டு நாணயத்தை முகத்தோடு முகம் வைத்து வைஸில் கொடுத்து முறுக்கினால் ஒன்றின் எழுத்து மற்றதில் பதியும். ஆனால் பதிவது பள்ளமாக, இடவலம் மாறி. டபுள் ஸ்ட்ரைக்கில் எழுத்து புடைப்பாகத்தான் இருக்கும், நேராகத்தான் படிக்க வரும். நாணயச்சாலையிலும் இடவலம் மாறிய பள்ளம் வருவதுண்டு. அடித்த நாணயம் டையிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த பிளாங்கின் மேல் இடிப்பது. சேகரிப்பவர்கள் பிராக்கேஜ் என்பார்கள். அதில் ஒரு முகம் முழுவதும் பள்ளமான கண்ணாடி உருவமாக இருக்கும். அந்த முகத்தில் வேறு உருவமே இருக்காது. வைஸ் வேலையில் பழைய உருவம் நசுங்கிக் கிடக்க, அதன் மேல் அங்கங்கே நாலு எழுத்து திரும்பி விழுந்திருக்கும். பார்த்தவுடன் கை பரபரக்கும், யாருடைய வைஸ் என்று கேட்க.

டை தேய்வுதான் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம், ஏனென்றால் அதில் எழுத்து தடித்துத்தான் இருக்கும். என்னுடைய முதல் சோதனை இங்கே மட்டும் போதாது. ஒவ்வோர் அடியிலும் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. லட்சக்கணக்கில் அடித்தால் அந்த ஓட்டம் டையின் எழுத்து ஓரங்களை அரித்து அகலமாக்கிவிடும். எஃகு நாணயத்தில் இந்த அரிப்பு சீக்கிரம். பித்தளையைவிட எஃகு டையை அதிகம் வதைக்கும். அப்போது எழுத்தின் ஒரு பக்கம், பெரும்பாலும் விளிம்பை நோக்கிய பக்கம், வீங்கினாற்போல் இரண்டாவது கோடு காட்டும். வித்தியாசம் எங்கே? முனையில் பிளவு இருக்காது. ஓரம் கூர்மையாக இருக்காது, குழைந்திருக்கும். எழுத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம் வழவழப்பாக இல்லாமல் மேடுபள்ளமாக, விளிம்பை நோக்கி ஓடும் கோடுகளோடு இருக்கும். நல்ல டபுள்டு டையில் வெற்றிடம் புத்தம் புதிதாகக்கூட இருக்கலாம்.

1955-இலேயே இதற்கும் உதாரணம் இருப்பது வேடிக்கை. அதே வருஷத்து வேறு பல சென்ட்டுகளில் கடைசி 5 மட்டும் தேய்ந்த டையால் இரட்டையாகத் தெரியும். உண்மையானதை வாங்க வசதியில்லாதவர்களுக்கு இதை 'ஏழையின் டபுள்டு டை' என்று பேர் வைத்து வியாபாரிகள் விற்றார்கள். பேர் வைத்தே ஒரு சரக்கை நகர்த்துவதில் எல்லா நாட்டு வியாபாரியும் ஒன்றுதான்.

ஆற்றுக் காசுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. பாறைக் குழிக்குள் விழுந்த நாணயம் மணலோடும் கூழாங்கல்லோடும் மாதக்கணக்கில் சுழன்றுகொண்டே இருக்கும். எழுத்தின் மேல்தளம் தட்டையாகி ஓரத்தில் வழிந்து இறங்கும். பார்த்தால் அச்சு அசல் மெஷின் டபுளிங். ஆனால் அந்த வழிசல் எல்லாத் திசையிலும் இருக்கும், விளிம்பும் உள்பக்கமாக உருண்டு மடங்கியிருக்கும். பித்தளை ஐந்து ரூபாயில் உப்புக்கறை எழுத்தைச் சுற்றி ஒரு வரம்பு கட்டி, அதுவும் இரண்டாவது கோடு போலத் தெரியும். அதைச் சுத்தம் செய்கிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு வருவார்கள். நிஜமாகவே நல்ல நாணயமாக இருந்தாலும் தேய்த்த பிறகு எந்தச் சேகரிப்பாளரும் தொடமாட்டார். தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

வித்தியாசமாக இருப்பதெல்லாம் பிழை என்று நினைக்கிற நோயும் இருக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தில் பத்துக் கோடு இருந்தால் அசல், பதினைந்து இருந்தால் போலி என்று ஒரு புரளி கிளம்பி, இந்தப் பக்கத்தில் ரொம்ப நாள் யாரும் அந்த நாணயத்தைக் கையால் தொடவில்லை. பதினைந்து கோடு போட்டது ரூபாய்ச் சின்னம் வருவதற்கு முந்திய வடிவம், பத்துக் கோடு பிந்தியது, இவ்வளவுதான் கதை. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பத்து ரூபாய் 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று அறிக்கை விட்டது. என் கடை டப்பாவில் நிரம்பி வழிந்ததைக் கரைக்க அதற்குப் பிறகும் பாடுபட வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம், 2012-இல் வெளியிட்ட வைஷ்ணோ தேவி உருவம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாக ஆசை காட்டுகிற விளம்பரங்கள். போன் செய்தால் முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் வரி, அப்புறம் கமிஷன் என்று கேட்பார்கள். பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தன் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கிறார்கள், தான் யாரிடமும் இப்படிக் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி எச்சரித்தது. விற்கிறவனிடம் முன்பணம் கேட்கிற வியாபாரம் எந்தச் சந்தையிலும் இல்லை. தர்மபுரிச் சந்தையில் மாட்டை விற்கப் போனவரிடம் யாராவது முதலில் நீ பணம் கட்டு என்பார்களா?

ஆற்றுக் காசோ கல்லாக் காசோ, தடித்த எழுத்து, பிளந்த முனை, வழவழப்பான வெற்றிடம், ஒரு பக்கத்தில் மட்டும் இரட்டை என்று நாலும் கூடி வந்த நாணயம் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலை அதன் உடன்பிறப்பைத் தேடுவது. டையில் இருக்கிற இரட்டை ஒரு நாணயத்தோடு நிற்காது. அதே வருஷம், அதே நாணயச்சாலை என்று சில்லறையைப் பிரியுங்கள்: ஆண்டுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, எதுவுமே இல்லை என்றால் கொல்கத்தா. பிரித்ததில் அதே எழுத்தில், அதே திசையில், அதே அளவு இரட்டையோடு இன்னொன்று அகப்பட்டால் டை மாட்டிக்கொண்டது. அகப்படாவிட்டாலும் முதல் நாணயத்தைத் தூக்கி எறிய வேண்டாம். தாள் உறையில் போட்டு, வருஷத்தையும் குறியையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், சில வகை பிளாஸ்டிக் நாளடைவில் கசிந்து நாணயத்தில் பச்சைப் பிசுக்கு ஏற்றிவிடும்.

விற்பதாக இருந்தால் நேரில் நாணயத்தைக் கையில் வாங்கி லென்ஸில் பார்க்கிற வியாபாரியிடம் போங்கள். என் கண்ணில் பட்ட வியாபாரிகள், நடு வட்டம் இடம் மாறிய பத்து ரூபாய், ஓரம் கடிபட்ட பிளாங்க், பிறை போல விலகி அடித்த நாணயம் ஆகியவற்றுக்கு யோசிக்காமல் பணம் எடுக்கிறார்கள். டபுள்டு டை என்று சொன்னால் புருவத்தை உயர்த்துகிறார்கள். அமெரிக்காவில் போல ஒவ்வொரு டைக்கும் ஓர் எண் கொடுத்து, படம் போட்டு, பட்டியலில் ஏற்றினால்தான் வாங்குகிறவருக்கும் நம்பிக்கை வரும். அந்தப் பட்டியலை ஆரம்பிக்க எந்த அலுவலகமும் வேண்டாம். ஒரு லென்ஸ், சாய்ந்த வெளிச்சம், கோடுபோட்ட நோட்டு ஒன்று, சில்லறை புழங்குகிற கடை ஒன்று போதும். நான் ஒரு ரூபாயில் ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு ரூபாயை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.